உமி போன வழியும் ஒளி வந்த வழியும்

பல்லில் குழி விழுந்தால் வெள்ளியும் பாதரசமும் கலந்த கறுப்பு அடைப்பை இப்போது யாரும் விரும்பிக் கேட்பதில்லை. பல்லின் நிறத்திலேயே ஒரு பசையை மருத்துவர் குழிக்குள் வைத்து அழுத்துகிறார். பேனா அளவிலான விளக்கை எடுத்து நீல வெளிச்சம் காட்டுகிறார். 20 நொடிதான், பசை கல்லாகிவிடுகிறது. 2023-இல் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு, இந்த நீல வெளிச்சத்தை வாயில் வாங்கிக்கொண்டவர்கள் மாவட்டத்தில் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும்.

அந்தப் பசையில் என்ன இருக்கிறது? எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடித் தூளும் சிலிக்காத் தூளும். மீதிதான் ரெசின். ரெசினுக்குள் சிட்டிகை அளவில் ஒரு மஞ்சள் பொருள் கரைந்திருக்கிறது. பெயர் காம்ஃபர்குவினோன். கோயில் தட்டில் எரிகிறதே கற்பூரம், அதிலிருந்து செய்யப்படுவது. நீல ஒளியை விழுங்கியதும் இது கிளர்ந்து, பக்கத்தில் இருக்கும் துணைப் பொருளுடன் வினைபுரிந்து, துடிப்பான சில மூலக்கூறுத் துண்டுகளை உண்டாக்குகிறது. அவை ரெசின் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கி உடைக்கின்றன. உடைந்த கை அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது, அது அதற்கடுத்ததை. கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் சங்கிலி நீண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கிறது. தூள் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் உங்கள் பல் அடைப்பு.

இதைப் பார்த்த ஒருவருக்குக் கொஞ்சம் விபரீதமாக ஒரு யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளியால் இறுகிய பிறகு அந்த ரெசினை மட்டும் எரித்து வெளியேற்றிவிட்டு, எஞ்சிய தூளை உலையில் சுட்டு ஒட்டவைத்தால்? கையில் மிஞ்சுவது பிளாஸ்டிக் கலவாத முழுப் பீங்கான். அதன் வடிவத்தை அச்சு தீர்மானிக்கவில்லை, கை தீர்மானிக்கவில்லை. ஒளி விழுந்த இடம் தீர்மானித்தது. விபரீதம் என்று சொன்ன இந்த யோசனை இன்று ஒரு தொழில்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று கேட்கலாம். பீங்கான் வகைப் பொருள்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுட்டபின் அவை யாருக்கும் வளைந்துகொடுக்காது. இரும்பை உருக்கி ஊற்றலாம், கடைசலில் கடையலாம். அலுமினா என்னும் வெள்ளைப் பீங்கானை எடுத்துக்கொண்டால், அது 2,000 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும். சுட்டு முடித்த அலுமினாவை வெட்ட வைரம் பதித்த கருவி வேண்டும். ஆகவே வடிவம் கொடுப்பதென்றால் சுடுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.

சுடுவதற்கு முன் கண்மாய் மண் நன்றாகவே ஒத்துழைக்கும். களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள். இடையில் தண்ணீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், விட்ட இடத்தில் நிற்கும். குயவரின் தொழில் முழுக்க இந்த ஒரு குணத்தின் மேல் நடக்கிறது. அலுமினாத் தூளிலோ சிர்கோனியாத் தூளிலோ அந்தத் தகடுகள் இல்லை. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சேறாகும், காய்ந்தால் உதிரும். எனவே தொழிற்சாலைகள் அதை எஃகு அச்சில் வைத்து அழுத்துகின்றன. அல்லது மெழுகு, பிளாஸ்டிக் போன்றவற்றோடு கலந்து அச்சுக்குள் பீய்ச்சுகின்றன. இரண்டிலும் ஒரு தடை: அச்சு திறந்தால்தான் பொருள் வெளியே வரும். உள்ளே வளைந்து நெளிந்து போகும் குழாய் வேண்டும், வலைபோன்ற உட்புறம் வேண்டும் என்றால் எந்த அச்சும் கைவிரித்துவிடும்.

ஒளியால் ரெசினை அடுக்கடுக்காக இறுக்கி வடிவம் செய்வது பீங்கானுக்காகப் பிறந்த வித்தை அல்ல. அது பிறந்த கதையில் கொஞ்சம் சோகமும் கொஞ்சம் நகைச்சுவையும் கலந்திருக்கின்றன. ஜப்பானின் நகோயா நகரத் தொழில் ஆய்வு நிலையத்தில் இருந்த ஹிதேயோ கொதாமா 1980-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1981-இல் கட்டுரையும் வெளியிட்டார். ஆனால் விண்ணப்பத்தின் அடுத்த கட்டத்தை உரிய காலத்துக்குள் முடிக்காததால் உரிமை கைநழுவியது. பிரான்சில் மூன்று பேர் 1984 ஜூலை 16 அன்று விண்ணப்பித்தார்கள். வியாபாரம் ஆகாது என்று அவர்கள் சார்ந்திருந்த நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, அமெரிக்காவில் சார்லஸ் ஹல் விண்ணப்பித்தார். அவர் வேலை பார்த்த நிறுவனம் மேசைப் பலகையின் மேல்பூச்சைப் புறஊதா விளக்கால் உலர்த்தும் தொழிலில் இருந்தது. ஒரு பூச்சு நொடியில் இறுகுகிறதென்றால், பூச்சின் மேல் பூச்சாகப் போட்டுக்கொண்டே போனால் என்ன என்று அவர் நினைத்தார். 1986-இல் காப்புரிமை கிடைத்தது. உலகம் ஹல்லின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, 1996-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலரனும் அந்த ரெசினுக்குள் பீங்கான் தூளைக் கொட்டினார்கள். சிலிக்கா, அலுமினா, சிலிக்கான் நைட்ரைடு என மூன்று தூள்களை வைத்துச் செய்துபார்த்ததை அமெரிக்கப் பீங்கான் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். எது சுலபம், எது தகராறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் முப்பது வருடமாக மோதிக்கொண்டிருக்கும் சுவர்களும் ஏறக்குறைய அவைதான்.

இன்றைய எந்திரத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்; அவ்வளவு எளிமை. அடிப்பாகம் கண்ணாடியாலான ஒரு தட்டம். அதில் வெள்ளைக் குழம்பு. மேலிருந்து ஒரு பலகை இறங்கி, தட்டத்தின் அடியைத் தொடுவதற்குச் சற்று முன் நிற்கிறது. இடைவெளி 25 முதல் 100 மைக்ரான். தலைமயிரின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ஒரு படம் விழுகிறது. பொருளின் அந்த ஓர் அடுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவப் படம். வெளிச்சம் பட்ட இடம் இறுகி மேல்பலகையில் ஒட்டிக்கொள்கிறது, படாத இடம் குழம்பாகவே இருக்கிறது. பலகை ஓர் அடுக்கு உயர்கிறது, புதிய குழம்பு பரவுகிறது, அடுத்த படம். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 25 மைக்ரான் அடுக்காக வைத்தால் 400 படங்கள். பொருள் தலைகீழாகத் தொங்கியபடி வளர்கிறது. படம் காட்டுவது பெரும்பாலும் டிஎல்பி என்னும் சில்லு: லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே சாயக்கூடியவை. டிஜிட்டல் சினிமா வந்தபிறகு திரையரங்குப் புரொஜெக்டர்களில் இருப்பதும் இதே வகைச் சில்லுதான். இங்கே ஒளி மட்டும் வேறு. 405 நானோமீட்டர், ஊதா.

எளிமை இத்தோடு சரி. குழம்பு என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனேனே, அதுதான் முதல் சுவர். சுட்டபின் பொருள் உறுதியாக இருக்க வேண்டுமென்றால் குழம்பின் கொள்ளளவில் பாதியாவது தூள் இருக்க வேண்டும். அவ்வளவு தூள் போட்டால் குழம்பு ஓடாது. ஓட வைக்க, ஒவ்வொரு துகளின் மேலும் ஒட்டிக்கொண்டு துகளைத் துகளிடமிருந்து விலக்கி நிறுத்தும் வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். துகளோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஓடினாலும் ஒளி அதற்குள் போக மறுக்கிறது.

ஏன் மறுக்கிறது என்று புரிந்துகொள்ள வடை வாங்கிய காகிதத்தைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். காகிதம் என்பது நார்களும் இடையில் காற்றும். ஒளியை வளைக்கும் திறனை ஒளிவிலகல் எண் என்பார்கள்; காற்றுக்கு அது 1, நாருக்கு சுமார் 1.5. ஒவ்வொரு நாரின் எல்லையிலும் ஒளி திசைமாறிச் சிதறுவதால் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெயின் எண் சுமார் 1.47. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் ஒளிக்கு நாரும் எண்ணெயும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சிதறாமல் நேரே போகிறது.

பீங்கான் குழம்பிலும் இதே கணக்குதான், தலைகீழாக. ரெசினின் எண் சுமார் 1.5. சிலிக்காவின் எண் 1.46, நெருக்கம், ஒளி நன்றாக உள்ளே போகும். அலுமினா 1.77, சிதறல் உண்டு, சமாளிக்கலாம். சிர்கோனியா 2.1-க்கும் மேல், சிரமம். சிலிக்கான் கார்பைடு 2.6, போதாக்குறைக்கு ஒளியை அதுவே விழுங்கிவிடும் கறுப்பு. அங்கே ஒளி ஓர் அடுக்கைக்கூடச் சரியாகத் தாண்டாது. சிதறிய ஒளி பக்கவாட்டில் போய், இறுகக் கூடாத இடத்தையும் இறுக்குகிறது. கூர்மையான மூலை மழுங்குகிறது, நுண்ணிய துளை அடைபடுகிறது. வெளிச்சத்தை அதிகமாக்கினால் தீருமே என்றால், அதுவும் இல்லை. ஒளியை இரட்டிப்பாக்கினால் இறுகும் ஆழம் இரட்டிப்பாவதில்லை, ஒரு சிறு அளவு கூடுகிறது. மறுபடி இரட்டிப்பாக்கினால் அதே சிறு அளவுதான் மறுபடியும். பக்கவாட்டுக் கசிவு மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

என்றாலும், இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளியிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள் என்பது என் குறை. ஒளி செய்வது அழகான வேலை. கடினமான வேலை அதற்குப் பிறகு, இருட்டான உலைக்குள் நடக்கிறது. எந்திரத்திலிருந்து எடுத்த பொருளில் பாதி பீங்கான் தூள், பாதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் போக வேண்டும். குறுக்குவலையாகப் பின்னிய ரெசின் மெழுகைப் போல உருகி வழிந்துவிடாது. சூட்டில் சிதைந்து வாயுவாகத்தான் வெளியேறும். வெளியேற வழி எங்கே? தூள்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சந்தையும் ரெசினே அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே உண்டான வாயு வழி தேடி அடுக்குகளைப் பிளக்கும், கொப்புளம் போடும், சில நேரம் வெடிக்கும். அதனால் 200-இலிருந்து 600 டிகிரி வரையிலான பயணத்தை நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக, சில இடங்களில் கால் டிகிரியாகக்கூட ஊர்ந்து கடக்கிறார்கள். நாள்கணக்கு ஆகும். தடிமன் கூடினால் நேரம் அதன் வர்க்கத்தில் கூடுகிறது: இரண்டு மடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம். ஒளியால் செய்யும் பீங்கான் பொருள்கள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் சுவரோடு நின்றுவிடுவதற்குக் காரணம் ஒளி மட்டும் அல்ல, இந்த வாயுவும்தான்.

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது.

நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன. புதியவை முன்னே, பழையவை காலொடிந்து, கழுத்தொடிந்து, புல்லுக்குள். உடைந்தது என்று யாரும் அப்புறப்படுத்துவதில்லை. அய்யனார் இரவில் ஊரைச் சுற்றிக் காவல் காக்க ஏறிப்போகும் புரவிகள் அவை. புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன் ஊரார் பிடிமண் எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். அந்தப் பிடிமண் மற்ற மண்ணோடு சேர்ந்து குதிரையாகி, ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகும். மண்ணை மிதிப்பதும் குதிரையை வனைவதும் சுடுவதும் வேளார் கையில். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை செய்வதும் அவர்களே.

ஒரு பொறியாளரின் கண்ணோடு அந்தக் குதிரையைப் பார்த்தால் அது நடக்கக்கூடாத காரியம். ஈரக் களிமண்ணில் ஆள் உயரத்துக்கு ஒரு பொருளைச் செய்து, வைக்கோலும் விறகும் எருவாட்டியும் மூட்டிய சூளையில் சுட்டு, வெடிக்காமல் எடுக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். கனமான களிமண் சுவருக்குள் ஈரம் சிக்கிக்கொண்டு சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உலர்ந்துவிட்டது என்று நம்பிய மண்ணுக்குள்ளும் இன்னொரு தண்ணீர் ஒளிந்திருக்கிறது. களிமண் தாதுவின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்த நீர் அது. கயோலினில் எடைக்கு 14 சதவீதம். அது 450 டிகிரிக்கு மேல்தான் கழன்று வெளியே வரும். நடுவில் 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் தன் உருவத்தைச் சட்டென மாற்றிக்கொண்டு லேசாக உப்பும்.

இத்தனையையும் வேளார் எப்படித் தாண்டுகிறார்? கால்கள் உள்ளீடற்ற உருளைகள். வயிறும் கழுத்தும் கூடு. எங்கும் மண் சுவர் ஓரளவுக்கு மேல் தடிப்பதில்லை; உள்ளே மூடுண்டுபோன வெளி இருக்காமல் எங்காவது திறப்பு விடப்படுகிறது. கீழ்ப்பகுதி தாங்குமளவு இறுகிய பிறகே அடுத்த பகுதி மேலே ஏறுகிறது. உலர்வது நிழலில், அவசரமில்லாமல். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணோடு மணலும் உமியும் வைக்கோல் துண்டும் கலக்கப்படுகின்றன. மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி என்ன செய்கிறது?

சுமார் 300 டிகிரியில் உமி எரிந்துபோகிறது. எரிந்த இடம் துளையாகிறது. சுவர் முழுக்க, உள்ளிருந்து வெளிவரை, இப்படி ஆயிரக்கணக்கான சிறு துளைகள். களிமண்ணின் பிணைந்த நீர் 450-இல் கழலத் தொடங்கும்போது அதற்கான வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. நேரத்தைக் கவனியுங்கள்: தண்ணீருக்கு முன்பே வழி தயாராகிவிடுகிறது. இன்னொரு விசேஷம், உமி முழுதாக மறைந்துபோவதில்லை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா மறுபடி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

உடைந்த பழைய குதிரையொன்றின் முறிவைப் பார்த்தால் இந்தப் பயணத்தின் தடயம் தெரியும். உமி இருந்த இடங்களில் நீள்வட்டக் குழிகள். வெளிப்பக்கம் செங்காவி. தடித்த இடங்களில் நடுவே ஒரு கறுப்புப் பட்டை இருக்கலாம். உமியின் கார்பன் எரிந்து முடிக்க அங்கே உயிர்வளி போய்ச்சேரவில்லை என்று பொருள். ஆய்வகத்தில் ரெசினை அவசரமாக எரித்த அலுமினாத் துண்டை உடைத்தாலும் நடுவில் சாம்பல் நிறம் தட்டும். காரணம் ஒன்றே. பொற்பனைக்கோட்டை அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் அதே கார்பன் வேண்டுமென்றே நிறமாக்கப்பட்டிருக்கிறது. அது தனிக் கதை.

இப்போது ஆய்வகக்காரர்கள் தங்கள் வாயுச் சிக்கலுக்கு என்ன தீர்வு கண்டார்கள் என்று பாருங்கள். ரெசினோடு, ஒளிக்கு இறுகாத இன்னொரு திரவத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒரு வழக்கமான தேர்வு. ரெசினின் வலை சிதையத் தொடங்குவதற்கு முன்பே அது மெல்ல வெளியேறி, நுண்ணிய வாய்க்கால்களை விட்டுச்செல்கிறது. பின்னால் வரும் வாயு அந்த வாய்க்கால்களில் நடந்து போகிறது. தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் இதற்குக் கற்பூரத்தையே எடுத்துக்கொண்டார்கள். கற்பூரமும் அதன் உறவான காம்ஃபீனும் ஒளியில் இறுகும் குழம்புக்குள் உறைந்து, பின் சுவடில்லாமல் ஆவியாகி, பீங்கானுக்குள் துளைகளை விட்டுச்செல்கின்றன. பல் அடைப்பில் ஒளியை வாங்கிக்கொண்ட கற்பூரக் குடும்பம், இங்கே வழிவிடும் வேலைக்கு வந்திருக்கிறது. எரியும் பொருளொன்றை முன்கூட்டியே உள்ளே வைத்து வழி செய்துகொள்ளும் உத்தி வேளார் வீட்டு முற்றத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்குவது. ஆய்வகக்காரர்கள் அங்கிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் புதுக்கோட்டைக்கு வந்ததில்லை. ஒரே சுவரில் மோதுகிறவர்கள் ஒரே வாசலைக் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

வழி ஒன்று, போய்ச் சேரும் ஊர் வேறு. குதிரை 700-இலிருந்து 900 டிகிரிக்குள் சுட்டு முடிந்துவிடும். துளைகள் துளைகளாகவே தங்கும். அதில் ஒரு குறையும் இல்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதே அந்தத் துளைகளால்தான். அலுமினாப் பொருளோ 1,600 டிகிரிவரை போக வேண்டும். உருகும் நிலைக்கு 400 டிகிரிக்கு மேல் கீழே. ஆனால் அந்தச் சூட்டில் அணுக்கள் துகளிலிருந்து துகளுக்கு நகரத் தொடங்குகின்றன. இரண்டு துகள் தொட்ட இடத்தில் ஒரு கழுத்து உருவாகிறது, கழுத்து தடிக்கிறது, இடைவெளி சுருங்குகிறது, மூடுகிறது. பரப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற துகள்களின் இயல்பான உந்துதல்தான் இதை நடத்துகிறது. வெளியிலிருந்து அழுத்தம் ஏதும் இல்லை.

அப்போது பொருள் எவ்வளவு சுருங்கும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குழம்பில் பாதிதான் தூள் என்றோம். மற்ற பாதி எரிந்து போய், அதன் இடமும் முழுக்க மூடிவிட்டால் பொருளின் கொள்ளளவு பாதியாக வேண்டும். பாதியின் கனமூலம் 0.79. அதாவது நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். ஆய்வகங்களில் அளந்தாலும் 15-க்கும் 25-க்கும் இடையில்தான் வருகிறது. ஆகவே 10 மில்லிமீட்டர் பொருள் வேண்டுமென்றால் 12.5 மில்லிமீட்டருக்கு ஒளியைக் காட்ட வேண்டும். பாதியாகச் சுருங்கியும் ஒரு துளை கோணாமல், ஒரு விளிம்பு வளையாமல், நூற்றில் ஒரு பங்கு பிசகுக்குள் அளவு வந்து நிற்கிறது என்பதுதான் எனக்கு இந்த முழு வித்தையிலும் பெரிய ஆச்சரியம். ஒளி விழுவதை வியந்து பார்க்கலாம். இந்தச் சுருக்கத்தை நினைத்தால் திகைப்பு வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன செய்கிறார்கள்? விமான எஞ்சினின் டர்பைன் இறகைச் சொல்லலாம். அதைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம் இறகு செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். இறகு உருகாமல் இருப்பது அதன் வயிற்றுக்குள் வளைந்தோடும் குளிர்காற்றுக் குழாய்களால். வார்த்த உலோகத்துக்குள் அப்படிக் குழாய் குடைய முடியாது. எனவே குழாயின் வடிவிலேயே ஒரு சிலிக்காக் கருவைச் செய்து, அதைச் சுற்றி மெழுகு பொதிந்து, மேலே ஓடு கட்டி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இதில் பாதி பழக்கமான பாடம். உலோகம் உறைந்ததும் கருவைச் சூடான காரக் கரைசலில் கரைத்தெடுத்துவிடலாம். எஞ்சுவது குழாய். ரெசினுக்கு மிக நெருக்கமான ஒளிவிலகல் எண் கொண்ட தூள் சிலிக்கா என்று பார்த்தோம் அல்லவா. ஒளியால் செய்யச் சுலபமான பீங்கானும் எஞ்சின்காரர்களுக்குத் தேவையான பீங்கானும் ஒன்றாக அமைந்தது தொழிலின் அதிர்ஷ்டம்.

எலும்புக்கும் இது வருகிறது. எலும்பின் தாதுவோடு உறவுள்ள ஹைட்ராக்சிஅபடைட்டை வலைபோன்ற சட்டகமாகச் செய்தால், அதன் துளைகளுக்குள் செல்கள் குடியேறலாம். இங்கே துளையே நோக்கம். சிர்கோனியாப் பல் கிரீடங்களை இன்றும் பெரும்பாலும் அரைவேக்காட்டுக் கட்டியிலிருந்து கடைந்து, பிறகு முழுதாகச் சுடுகிறார்கள். ஒளிமுறை அங்கே மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2011-இல் பிரிந்து வந்த லித்தோஸ் நிறுவனம் இதற்கென்றே எந்திரம் செய்து விற்கிறது.

ஒளியை விழுங்கும் கறுப்புத் தூள்களுக்கு என்ன வழி? கலிபோர்னியாவின் ஹெச்ஆர்எல் ஆய்வகம் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பதில் தந்தது. தூளே வேண்டாம். ரெசின் மூலக்கூறுக்குள்ளேயே சிலிக்கானை வைத்துவிட்டு, ஒளியால் இறுக்கி, 1,000 டிகிரியில் சுட்டால் அந்த ரெசினே பீங்கானாக மாறிவிடுகிறது. சிதறடிக்கத் துகள் இல்லை. எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும், நீளம் முப்பது சதவீதம் சுருங்கும். ஆனாலும் வடிவம் மாறாமல் வருகிறது. வழிமறிக்கும் சுவரை இடிக்காமல் அதைச் சுற்றிப் போன கெட்டிக்காரத்தனம் இது. இதிலும் வாயு வெளியேற வேண்டும் என்பதால் மெல்லிய வலைகளும் தேன்கூட்டு வடிவங்களும்தான் நன்றாக வருகின்றன. தடித்த கட்டி கேட்டால் இங்கும் தகராறுதான்.

பெரிய பொருளுக்கு இந்த வழி ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுடுமண்ணுக்கும் எல்லை உண்டு. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கும் மேல் பாய்ந்து நிற்கும் குதிரை சூளையிலிருந்து வந்ததல்ல, கட்டி எழுப்பியது. ஒளிப் பீங்கானின் எல்லை இன்னும் குறுகியது: உள்ளங்கைக்குள் அடங்குவது, சுவர் மெல்லியது, உட்புறம் சிக்கலானது. அந்த மூன்றும் பொருந்தினால் இதற்கு நிகரில்லை. ஒன்று பொருந்தாவிட்டாலும் பழைய அச்சே மேல். விளம்பரங்கள் எல்லாப் பீங்கானும் இனி இப்படித்தான் என்று சொல்லும்போது நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க இடமில்லாமல் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. புதுக்கோட்டைக்குத் தெற்கே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. எந்திரம் வாங்குவது பணத்தைப் பொறுத்தது. அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதை இந்த மாவட்டத்தில் வேதியியலும் இயற்பியலும் படிக்கும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த புரவி எடுப்புக்குக் குதிரை செய்யும் வேளார் வீட்டுக்கு, அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு தராசு, 1,000 டிகிரி தாங்கும் ஒரு தெர்மோகப்பிள், ஒரு நோட்டு ஆகியவற்றோடு போங்கள். எத்தனை பங்கு கண்மாய் மண்ணுக்கு எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு உமி என்று நிறுத்து எழுதுங்கள். சுவரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். எத்தனை நாள் நிழலில் காய்ந்தது, சூளை முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி ஏறியது, எங்கே தீயைத் தணித்தார்கள் என்று குறியுங்கள். ஒரு கைப்பிடி உமியைக் கூட்டியும் குறைத்தும் சின்னச் சின்ன வில்லைகளை அதே சூளையில் வைத்து, எது பிளக்கிறது, எது பிளக்கவில்லை என்று பாருங்கள். அந்த எண்கள் ரெசின் எரிக்கிறவர்களுக்கும் பயன்படும். வேளாரின் வேலை நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதால் அவருடைய நாள்கூலியை உங்கள் செலவுக் கணக்கில் சேருங்கள். கட்டுரை வெளியாகும்போது, அவர் சம்மதித்தால், நன்றியுரையில் ஒரு வரியாக விட்டுவிடாமல் ஆசிரியர் வரிசையிலேயே அவர் பெயரைப் போடுங்கள்.